போல்ற் இணைப்பும் பொறியியலாளர் பயிற்சியும்

விழா மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டனர். அணுவைப் பற்றியோ விண்கோள்களைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யான் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணை உயரத்தில் இல்லை. இரும்புக் கடைகளில் நிறுத்து விற்கப்படும் போல்ற்றும் நட்டுமே இக்கட்டுரையின் பொருளாகும். இவற்றைத் திருகாணி என்றும் சுரை என்றும் நூல்களில் எழுதுவர். ஆயினும் பட்டறையில் நின்று சுரையைக் கொண்டுவா என்றால் எவரும் திகைப்பர் ஆதலின், பட்டறை வழக்கையே ஈண்டு கைக்கொள்கின்றேன்.

பொறியியல் பயிலும் மாணாக்கன் ஒருவன் நான்கு ஆண்டுகளில் எத்தனையோ பெரிய காரியங்களைக் கற்கின்றான். வளையும் உத்தரங்களையும், முறுக்குண்ணும் தண்டுகளையும், நீராவியின் வெப்பத்தையும் கணித்துப் பழகுகின்றான். ஆனால் அவ்வுத்தரங்களையும் தண்டுகளையும் ஒன்றோடொன்று சேர்க்கும் போல்ற்றை எவ்வளவு இறுக்க வேண்டும், ஏன் அவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு ஓரிரு விரிவுரைகளே கிடைக்கின்றன. பின்னர் அவன் தொழிலிற் புகுந்து வரைபடம் ஒன்றை வரையும்பொழுது, போல்ற்றின் பருமனையும் எண்ணிக்கையையும் குறித்துவிட்டு மிகுதியைப் பிற்றரிடம் விடுகின்றான். பிற்றரோ தம் கையின் உணர்வையும் பல்லாண்டுப் பழக்கத்தையும் நம்பி இறுக்குகின்றார். இருவருக்கும் நடுவே பொறுப்பு என்னும் பொருள் கீழே விழுந்துவிடுகின்றது. அது விழுந்த இடங்களிற் சில உலகறிந்தவை.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் 10ஆந் திகதி, இங்கிலாந்தின் பேர்மிங்காமிலிருந்து ஸ்பெயின் தேசத்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் எயர்வேஸ் விமானம் 17,000 அடிக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தபொழுது, விமானியின் முன்னிருந்த கண்ணாடி பெயர்ந்து வெளியே பறந்தது. விமானி இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர் அவரைப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி விமானத்தைச் சவுதாம்ரன் நிலையத்தில் இறக்கினார். வெளியே இழுபட்டவர் உயிர் பிழைத்தமை வியப்பிலும் வியப்பு. ஆராய்ந்தபொழுது கண்டது யாதெனில், பறப்புக்குச் சற்று முன்னரே அக்கண்ணாடி புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதனைப் பிடித்திருந்த 90 போல்ற்றுக்களில் 84, வேண்டிய விட்டத்திலும் 0.026 அங்குலம் சிறியவை. எஞ்சிய ஆறும் விட்டத்திற் சரியாயினும் நீளத்திற் குறைந்தவை. 0.026 அங்குலம் என்பது மில்லிமீற்றரின் மூன்றில் இரு பங்கு. போல்ற்றுக்களைத் தெரிந்தவர் பழையதொன்றை அருகில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டே தெரிந்தார். பழையனவே சரியான வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதும் பின்னர்த் தெரியவந்தது.

இது தவறான போல்ற்றின் கதை. சரியான போல்ற்றையே தவறாக இறுக்கிய கதைகள் இதனினும் பலவாம். அவற்றை விளங்கிக்கொள்ள, போல்ற் உண்மையில் யாது செய்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இரு தகடுகளைத் துளையிட்டு, துளையூடே போல்ற்றைச் செலுத்தி நட்டைத் திருகினால், போல்ற் ஓர் ஆப்பைப்போல் நடுவில் நின்று தகடுகளைத் தடுத்து வைத்திருக்கின்றது என்றே பலரும் எண்ணுவர். அஃது உண்மையன்று. நட்டு இறுகும்பொழுது போல்ற் நீளுகின்றது. நீண்ட போல்ற் மீண்டும் குறுகத் தவிக்கின்றது. அத்தவிப்பே தகடுகளை ஒன்றோடொன்று நெரித்துப் பிடிக்கின்றது. ஆகவே போல்ற் என்பது மிகவும் விறைப்பான ஒரு விற்சுருள் என்க. 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள, 8.8 எனத் தலையிற் பொறிக்கப்பட்ட உருக்குப் போல்ற் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பொருத்தமான இழுவிசை ஏறக்குறைய 110 கிலோ நியூற்றன். அதாவது பதினொரு மெற்றிக் தொன் நிறையைத் தொங்கவிட்டாற்போன்றது. பெருவிரற் பருமனுள்ள கம்பியொன்றில் ஒன்பது மோட்டார்க் கார்கள்! அவ்விழுவிசையில், 100 மில்லிமீற்றர் நீளமான போல்ற் ஐந்திலொரு மில்லிமீற்றர் அளவே நீளும். இக்கண்ணுக்குப் புலப்படாத நீட்சியிலேதான் இணைப்பின் உயிர் இருக்கின்றது.

முன்கூட்டியே இவ்வாறு இழுத்து வைப்பதால் வரும் பயன் முதலிற் கேட்பவருக்கு முரணாகத் தோன்றும். 110 கிலோ நியூற்றன் இழுவிசையில் இருக்கும் போல்ற்றின் இணைப்பை, வெளியிலிருந்து 30 கிலோ நியூற்றன் விசை பிரிக்க முயல்கின்றது என்று கொள்வோம். போல்ற்றின் இழுவிசை 140 ஆகும் என்றே மாணாக்கர் பெரும்பாலும் விடை எழுதுவர். ஆனால் நெரிபட்டுக் கிடக்கும் தகடுகளும் ஒரு விற்சுருளே. அவை போல்ற்றிலும் நான்கு மடங்கு விறைப்பானவையாயின், வெளிவிசையில் ஐந்தில் நான்கு பங்கு தகடுகளின் நெரிவைத் தளர்த்துவதிற் செலவாகும். ஐந்திலொரு பங்கே, அதாவது 6 கிலோ நியூற்றனே, போல்ற்றில் ஏறும். இழுவிசை 116, தகடுகளின் நெரிவு 86. வெளிவிசை வந்து வந்து போவதாயின், நன்கு இறுக்கிய போல்ற் ஒவ்வொரு முறையும் 6ஐ மட்டும் உணர்கின்றது. தளர்வாக விட்டதோ 30 முழுவதையும் உணர்கின்றது. உலோகம் ஒரே பெருஞ்சுமையால் முறிவதிலும், சிறு சுமை இலட்சம் முறை ஏறி இறங்குவதாற் களைத்து முறிவதே இயந்திரங்களில் அதிகம். ஆதலின், முறிந்துவிடுமோ என்று அஞ்சி மெல்ல இறுக்குபவரே போல்ற்றை முறிக்கின்றார்.

ருஷியாவின் சயானோ சுசென்ஸ்கயா நீர்மின் நிலையத்தில் 2009ஆம் ஆண்டு ஓகத்து 17ஆந் திகதி இரண்டாம் இலக்கச் சுழலியின் மூடி பெயர்ந்து, நீர் புகுந்து, 75 பேர் மாண்டனர். அம்மூடியைப் பிடித்திருந்த ஆணிகளுள் 49 பரிசோதிக்கப்பட்டன. 41இல் களைப்பினால் விளைந்த வெடிப்புக்கள் காணப்பட்டன. அச்சுழலி அதிர்ந்துகொண்டிருந்ததைப் பணியிலிருந்தோர் அறிந்திருந்தனர்.

இனி, 110 கிலோ நியூற்றன் இழுவிசை வந்துவிட்டது என்று எப்படி அறிவது? இதுவே தொழிலின் முள். இழுவிசையை நேரே அளக்கும் கருவி பட்டறையில் இருப்பது அரிது. ஸ்பானரைத் திருப்பும் முறுக்கத்தையே அளக்கின்றோம். முறுக்கமும் இழுவிசையும் ஒன்றல்ல. நாம் கொடுக்கும் முறுக்கத்தில் ஏறக்குறைய நூற்றில் ஐம்பது பங்கு நட்டின் அடிமுகத்து உராய்வை வெல்வதிலும், நாற்பது பங்கு புரிகளின் உராய்வை வெல்வதிலும் கழிந்துபோகும். எஞ்சும் பத்துப் பங்கே போல்ற்றை நீட்டுகின்றது. நூறு ரூபா வருமானத்தில் தொண்ணூறு ரூபா செலவாகும் வியாபாரி ஒருவரை எண்ணிப் பாருங்கள். செலவு பத்து ரூபா குறைந்தால் அவர் இலாபம் இரட்டிப்பாகும். பத்து ரூபா கூடினால் இலாபமே இல்லை. அவ்வாறே, உராய்வில் உண்டாகும் சிறு மாற்றம் இழுவிசையிற் பெரு மாற்றமாக வெளிப்படுகின்றது. நல்ல கருவி கொண்டு முறுக்கத்தைச் செவ்வனே அளந்தாலும், இழுவிசை எதிர்பார்த்ததிலும் நூற்றுக்கு இருபத்தைந்து முப்பது கூடவோ குறையவோ இருக்கும்.

கணக்கை இலக்கங்களிற் பார்ப்போம். இழுவிசை, போல்ற்றின் விட்டம், உராய்வுக்கான ஒரு குணகம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் வேண்டிய முறுக்கம் வரும் என்பது வழக்கிலுள்ள எளிய சூத்திரம். எண்ணெயிடாத சாதாரணப் போல்ற்றுக்குக் குணகம் 0.2. எனவே 110,000 நியூற்றனை 0.2 ஆலும் 0.02 மீற்றராலும் பெருக்க 440 நியூற்றன் மீற்றர். ஒரு மீற்றர் நீளமான பிடியின் நுனியில் 45 கிலோகிராம் நிறையைத் தொங்கவிட்டதற்கு இது சமன். இப்பொழுது, நல்லெண்ணம் படைத்த ஒருவர் புரிகளுக்கு எண்ணெய் இட்டார் என்று கொள்வோம். குணகம் 0.15 ஆகும். அதே 440இல் இழுவிசை 147 கிலோ நியூற்றன். இந்தப் போல்ற் நிரந்தரமாக நீளாது தாங்கும் என்று நியமம் உறுதி கூறும் எல்லை அதுவே. மொலிப்டினம் கலந்த கிறீஸ் இட்டிருந்தாற் குணகம் 0.12, இழுவிசை 183. தலையிலுள்ள 8.8 என்னும் குறியின்படி, 157இல் இவ்வுருக்கு மீளாது நீளத் தொடங்கும், 196இல் அறும். கருவி சரி, இலக்கம் சரி, இறுக்கிய கையும் சரி. அப்படியிருந்தும் போல்ற் கெட்டது.

இதனை யான் நூலிற் கற்றேனல்லேன். இளமையில் ஓரிடத்திற் பணியாற்றியபொழுது, நீரிறைக்கும் பெரிய பம்பி ஒன்றின் குழாய் விளிம்பை இறுக்கும் மேற்பார்வை என்னிடம் விடப்பட்டது. ஆணிகளுக்குக் கிறீஸ் தாராளமாகப் பூசச் செய்தேன். அட்டவணையிலிருந்த முறுக்கத்தையும் அப்படியே கொடுக்கச் செய்தேன். அவ்வட்டவணை உலர்ந்த புரிகளுக்கானது என்பதை அதன் அடிக்குறிப்புக் கூறிற்று. அடிக்குறிப்பை யான் வாசிக்கவில்லை. அங்கிருந்த முதிய பிற்றர் ஒருவர், என்னிலும் வயதில் மிக மூத்தவர் ஆதலின் என்னைத் தம்பி என்றே அழைப்பார். நாலாவது ஆணியிலே ஸ்பானரை நிறுத்தி, "தம்பி, இது இறுகேல்லை, நீளுது" என்றார். கருவி காட்டும் இலக்கத்தை நம்பும்படி அவருக்குக் கட்டளையிட்டேன். ஏழாவது ஆணி அறுந்தது. எவருக்கும் காயமில்லை. அவர் கையில் இருந்த அறிவும் என் புத்தகத்தில் இருந்த அறிவும் ஒரே வகுப்பில் ஒருநாளேனும் சந்தித்திருந்தால் அஃது நேர்ந்திராது என்று அன்றுதொட்டு எண்ணிவருகின்றேன்.

இறுக்கிய போல்ற் இறுகியபடியே இருப்பதும் இல்லை. தளர்வுக்குக் காரணம் இரண்டு. முதலாவது, தகடுகளின் முகத்திலும் புரிகளிலும் உள்ள நுண்ணிய மேடுகள் நசுங்கிப் படிதல். படிவு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஐந்திலொரு மில்லிமீற்றர் நீண்டிருக்கும் நெடிய போல்ற்றுக்கு அது நூற்றுக்கு ஐந்து இழப்பு. ஆனால் 20 மில்லிமீற்றர் மட்டுமே பிடிப்பு நீளமுள்ள குட்டைப் போல்ற் முழுவதுமாக நீண்டிருப்பதே 0.04 மில்லிமீற்றர்தான், அதற்கு அதே படிவு காற்பங்கு இழப்பு. மெல்லிய தகட்டைத் தடித்த போல்ற்றால் இறுக்குவது வலிமை என்று எண்ணுவோர் இதனைக் கவனித்தல் நன்று. வாய்ப்புள்ள இடத்தில் போல்ற்றின் அடியிற் குழாய்த்துண்டு ஒன்றை இட்டு நீளமான போல்ற்றைப் பாவித்தல் பழைய தந்திரம், நல்ல தந்திரம்.

இரண்டாவது காரணம் நட்டு தானே கழலுதல். அதிர்வினாற் கழலுகின்றது என்று பொதுவாகக் கூறிவந்தோம். எவ்வகை அதிர்வு என்று தெளிவாகக் காட்டியவர் கேர்ஹாட் யுங்கர் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர். 1969ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, போல்ற்றின் நீளப்பக்கமாக வரும் விசையிலும் குறுக்கே தகடுகளை வழுக்கச் செய்யும் விசையே கொடியது. காரணம் எளிது. புரி என்பது உருளையிற் சுற்றிய சாய்தளம். சாய்தளத்தில் வைத்த பெட்டி உராய்வினால் நிற்கின்றது. ஆனால் அதனைப் பக்கவாட்டிற் சற்றே தள்ளி வழுக்கச் செய்தால், உராய்வு அத்திசையிலே செலவாகிவிட, பெட்டி கீழ்நோக்கியும் இறங்கும். தகடுகள் குறுக்கே வழுக்கும் ஒவ்வொரு முறையும் நட்டு அவ்வாறே சிறிது இறங்குகின்றது. இதனைச் சோதிக்க அவர் அமைத்த இயந்திரம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

அவ்வியந்திரத்தின் முன் தலைகுனிந்த பொருள்களுள் ஒன்று நம்மவர் பெரிதும் நம்பும் ஸ்பிறிங் வாஷர். நட்டு முழுவதும் இறுகுமுன்னரே அது தட்டையாகிவிடுகின்றது; அதன்பின் அது சாதாரண வாஷர் போலவே கிடக்கின்றது. குறுக்கு வழுக்கலை அது தடுப்பதில்லை. இதனைக் கூறினால் முதியோர் சிலர் என்னோடு பிணங்குவர். யானும் பல்லாண்டு காலம் அதனை மனச்சாட்சிக்கு மருந்தாக இட்டு வந்தவனே. வழுக்காதபடி போதிய நெரிவு கொடுப்பதே முதல் மருந்து. அது முடியாத இடத்தில் ஆப்பு வடிவப் பற்களுள்ள இரட்டை வாஷர்களும், புரியிற் பூசி உறையவிடும் பசைகளும் உள்ளன.

பிரித்தானியப் புகையிரதப் பாதைகளில் இப்பாடம் இருமுறை உயிர்களால் எழுதப்பட்டது. 2002ஆம் ஆண்டு மே மாதம் 10ஆந் திகதி பொற்றர்ஸ் பார் நிலையத்தருகே, தண்டவாளத்தின் பாதை மாற்றும் நாக்குகளை இடைவெளி மாறாது பிடித்திருக்கும் குறுக்குச் சட்டங்களின் நட்டுக்கள் கழன்றிருந்தமையால் புகையிரதம் தடம் புரண்டு ஏழு பேர் இறந்தனர். ஐந்தாண்டு கழிந்து, 2007ஆம் ஆண்டு பெப்ருவரி 23ஆந் திகதி கிறேறிக் என்னுமிடத்தில் அதே வகைச் சட்டங்களின் போல்ற் இணைப்புக் கெட்டுப் பிறிதொரு புகையிரதம் தடம் புரண்டது, ஒருவர் இறந்தார். ஐந்து நாட்களுக்கு முன் நடைபெற வேண்டிய பார்வையிடல் நடைபெறவில்லை. அந்நட்டுக்கள் கழலுவது முன்னரே அறியப்பட்டதுதான். கழன்றதை மீண்டும் இறுக்கினர். ஏன் கழலுகின்றது என்ற வினாவுக்கு விடை தேட நெடுங்காலம் சென்றது. மீண்டும் மீண்டும் தளரும் நட்டு சோம்பேறிப் பிற்றரின் குற்றமன்று. அது வரைபடத்திலுள்ள பிழையைப் பொறியியலாளருக்கு அறிவிக்கும் கடிதம்.

புரிகளின் வரலாற்றை இங்கே விரிக்கப் புகின் மலர் இடம் தராது. ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு புரி வெட்டிய காலத்தில், 1841ஆம் ஆண்டில் யோசேப் விற்வேத் 55 பாகைப் புரியை நியமமாக முன்வைத்தார். 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைப் புரியை முன்வைத்தார். 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் பொதுப் புரி ஒன்றுக்கு உடன்பட்டன. இவற்றோடு மெற்றிக் புரியும் நம் நாட்டில் ஒரே இலாச்சியிற் கலந்து கிடக்கின்றது. பழைய ஆங்கில இயந்திரங்களின் அரை அங்குல விற்வேத் போல்ற்றுக்கு அங்குலத்துக்கு 12 புரி. பொதுப் புரிக்கு 13. இரண்டு மூன்று சுற்று வரை ஒன்று மற்றொன்றினுள் இனிதே செல்லும், பின்னர் இறுகும். இறுகிவிட்டது என்று விடுபவர் ஏமாறுவர்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். இத்துறை மேல்நாடுகளில் இன்று தனிக்கலையாகவே வளர்ந்துள்ளது. ஜேர்மானியப் பொறியியலாளர் சங்கம் 1977இல் போல்ற் இணைப்புக்களைக் கணிக்கும் முறையை வீ.டி.ஐ. 2230 என்னும் நெறிநூலாக வெளியிட்டது. அமெரிக்காவில் ஜோன் பிக்ஃபோட் 1981இல் எழுதிய நூல் பலருக்குக் கைந்நூலாயிற்று. அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் அமுக்கக் கலங்களின் விளிம்பிணைப்புக்கு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, பிந்திய பதிப்புக்களில் இறுக்குவோரின் பயிற்சிக்கும் தகுதிக்கும் இடம் வகுத்தது. ஐரோப்பிய நியமம் ஒன்றும் அத்தகுதியைச் சோதிப்பதற்கென்றே எழுதப்பட்டது.

நல்ல வகுப்பொன்று விரிவுரையோடு தொடங்குவதில்லை. இழுவிசையைக் காட்டும் மானி பொருத்திய போல்ற் ஒன்று மேசையில் வைக்கப்படும். வந்திருக்கும் பொறியியலாளரும் பிற்றரும், மானியைப் பாராது, சரியெனத் தோன்றும்வரை ஒருவர்பின் ஒருவராக இறுக்குவர். பின்னர் இலக்கங்கள் பலகையில் எழுதப்படும். ஒருவர் இலக்கம் மற்றவர் இலக்கத்தின் இருமடங்காயிருத்தலும் உண்டு. பட்டம் பெற்றவர் எப்பக்கம் நிற்பார் என்று முன்கூறல் இயலாது. அடுத்து அதே போல்ற்றை உலர்வாகவும், எண்ணெயிட்டும், கிறீஸிட்டும் ஒரே முறுக்கத்தில் இறுக்கிப் பார்ப்பர். பின்னர் எட்டு ஆணியுள்ள குழாய் விளிம்பு வரும். ஒன்றை முழுவதும் இறுக்கி அடுத்ததற்குச் சென்றால், இரண்டாவது இறுகும்பொழுது முதலாவதின் இழுவிசை வீழ்வதை மானியிற் காணலாம். ஆகவேதான் எதிரெதிராக, முதலில் நூற்றுக்கு முப்பது, பின்னர் எழுபது, பின்னர் நூறு என்று படிப்படியாக ஏற்றி, கடைசியில் வட்டமாகச் சென்று எந்த நட்டும் திரும்பாத நிலை வரும்வரை இறுக்குதல் வேண்டும். சிலமணி நேரம் விட்டு மீண்டும் ஒரு சுற்று. இதனைக் கண்ணாற் கண்டவர் பின்னர் மறப்பதில்லை.

உலோகத்தைப் பற்றிய பாடமும் விடுபடலாகாது. வலிமை கூடிய போல்ற் எப்பொழுதும் நல்லது என்னும் மயக்கம் பொறியியலாளரிடமே அதிகம். சான் பிரான்சிஸ்கோ நகரையும் ஓக்லந்தையும் இணைக்கும் புதிய பாலத்தில் 3 அங்குல விட்டமுள்ள, நாகம் பூசிய, மிகவன்மையான உருக்கு ஆணிகள் 96 பொருத்தப்பட்டன. 2008இல் செய்யப்பட்ட அவை மழைநீர் தேங்கிய குழிகளில் ஆண்டுக்கணக்கிற் கிடந்தன. 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவற்றை இழுத்து இறுக்கிச் சில நாட்களுக்குள் 32 ஆணிகள் முறிந்தன. அளவுக்கு மீறி இறுக்கியதாலன்று. கடினமான உருக்கினுள் ஐதரசன் புகுந்து, இழுவிசையின் கீழ் அதனைக் கண்ணாடிபோல் நொறுங்கச் செய்தமையால். ஆணிகளை மாற்ற வழியின்மையால் உருக்குச் சேணம் ஒன்றைப் புதிதாக அமைத்து, 2013 திசெம்பரில் அவ்வேலையை முடித்தனர்.

இவ்வகுப்புக்கு வேண்டிய பொருட்செலவு பெரிதன்று. எம் கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் நுண்மானித் திருகுகணிச்சி இருக்கின்றது. ஊக்கின் விதியை உயர்தர மாணாக்கர் ஆண்டுதோறும் கம்பியைத் தொங்கவிட்டுச் சோதிக்கின்றனர். அக்கம்பிக்குப் பதிலாக, இருமுனையும் தேய்த்துச் சமப்படுத்திய 100 மில்லிமீற்றர் போல்ற் ஒன்றைத் தடித்த குழாய்த்துண்டினுள் இட்டு, இறுக்குமுன்னும் இறுக்கியபின்னும் நீளத்தை அளந்தால், நீட்சியிலிருந்து இழுவிசையைக் கணிக்கலாம். பின்னர் கழற்றி, ஒரு துளி எண்ணெய் இட்டு, அதே முறுக்கத்தில் மீண்டும் இறுக்கி அளக்க வேண்டும். முறுக்கத்துக்கு நீண்ட பிடியும் விற்றராசும் போதும். இதற்கென வெட்டிய குழாய்த்துண்டுகள் ஆறும் போல்ற்றுக்கள் ஒரு பன்னிரண்டும் யான் எடுத்து வைத்திருக்கின்றேன். விழா முடிந்து ஆய்வுகூடம் திறக்கும் வாரத்தில் அவற்றைக் கொணர்ந்து ஒப்படைப்பேன்.